ரோமெட் சரிவு

எங்கள் ஊர் லானெக்குக்குப் பனிச்சறுக்க வருகிறவர்கள் கையில் எல்லாம் ஒரு வரைபடம் இருக்கும். எது லேசான சரிவு, எது ஆளை முறிக்கிற சரிவு என்று நிறம் போட்டுக் காட்டியிருப்பான். என் வீட்டுக் கொல்லைக்கு நேர் மேலே கறுப்புக் கோடாக இறங்குவது ரோமெட் சரிவு. "யாரும்மா இந்த ரோமெட்? பெரிய சறுக்கு வீரரா?" என்று என் விடுதியில் தங்குகிறவர்கள் கேட்பார்கள். வீரனாம், வீரன்! அவன் என் தம்பி. சறுக்குக் கட்டையைக் காலில் மாட்டினால் நாலடி போவதற்குள் மூக்கைப் பனியில் குத்திக்கொண்டு கிடப்பான்.

அந்தச் சரிவு இருக்கிற இடத்தில் முன்பு காடு இருந்தது. ஊரின் அமைப்பு அப்படி. பின்னால் செங்குத்தாக மலை, முன்னால் ஆறு, நடுவில் ஒண்டிக்கொண்டு நாங்கள். கோயிலின் பின்சுவரைக் கோடாரி முனை மாதிரி கூராகக் கட்டியிருக்கிறது அழகுக்கா? மேலேயிருந்து பனி சரிந்து வந்தால் பிளந்து இரண்டு பக்கமும் போகட்டும் என்றுதான். வெள்ளிச் சுரங்கம் ஓடின காலத்தில் மேல்காட்டை வெட்டி உலையில் போட்டு எரித்தார்கள் மகராசன்கள். பிடித்து நிறுத்த மரம் இல்லாமல் பனி இறங்கி மேலத்தெருவையே வழித்துக்கொண்டு போனது. தொட்டிலோடு பிள்ளைகள் ஆற்றில் கிடந்தார்களாம். அதற்குப் பிறகு அந்தக் காட்டில் கோடாரி படக்கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு. மறுபடி வளர்ந்த காடு தலைமுறை தலைமுறையாக என் வீட்டுக்காரர் கெப்ஹார்டின் குடும்பத்துப் பொறுப்பில் இருந்தது.

போர் முடிந்து பத்துப் பதினைந்து வருஷத்தில் எல்லாப் பள்ளத்தாக்கிலும் சறுக்குகிறவர்களை மலைமேல் இழுத்துப்போகிற இழுவைக் கம்பி வந்துவிட்டது. எங்கள் ஊர் ஹோட்டல் முதலாளி கசியனுக்குப் பொறுக்குமா? காட்டின் நடுவில் அகலமாக ஒரு வகிடு எடுத்துவிட்டால் வெளியூர்க்காரன் நேரே தன் ஹோட்டல் வாசலில் வந்து இறங்குவான் என்று கணக்குப் போட்டான். ஊர் முழுக்கத் தலையாட்டியது. என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான் ஆட்டவில்லை.

"காடு போனா ஊர் போச்சு. என் உசுரு இருக்கற வரைக்கும் ஒரு குச்சி ஒடிக்க விடமாட்டேன்" என்றார் கோயில் வாசலில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"அப்ப உசுரத்தான் பாக்கணும்" என்று கசியன் சிரித்தான். கூட நின்றவர்களும் சிரித்தார்கள். என் தம்பியும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றான். கசியனிடம் கம்பம் நடக் குழி தோண்டுகிற வேலை அவனுக்கு.

முகமூடித் திருவிழாவுக்கு முந்தின நாள் ரோமெட் மாட்டுக் கொட்டிலுக்கு வந்தான். கெப்ஹார்ட் பால் கறந்துகொண்டிருந்தார்.

"மச்சான், நாளைக்கு மேஜை போடாதீங்க. கதவப் பூட்டிட்டு அக்காவக் கூட்டிக்கிட்டு எங்கயாவது போயிடுங்க."

"ஏன்டா மாப்ள, பயமாருக்கா? என்கிட்ட உதை வாங்கணுமேன்னு?"

"வெளையாட்டு இல்ல மச்சான்."

"உன் முதலாளிகிட்டப் போய்ச் சொல்லு. இந்த வீட்டுக் கதவு அந்த நாள்ல பூட்டினதே இல்லன்னு."

ரோமெட் என்னைப் பார்த்தான். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எச்சரிக்க வந்தான் என்று யாருக்குத் தோன்றும்? மிரட்ட அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தோம்.

டிசம்பர் ஐந்து எங்களுக்கு முகமூடி நாள். பொழுது சாயும்போது நிக்கோலாஸ் சாமி வேஷம் கட்டினவர் கோலோடு முன்னால் வருவார். பின்னால் ஆட்டுத்தோல் போர்த்தி, இடுப்பில் மாட்டு மணி கட்டி, மரத்தில் செதுக்கின கொம்பு முகம் மாட்டின பயல்கள். வீட்டு ஆண்பிள்ளைகள் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொள்வார்கள். முகமூடிகள் மேஜையை வெளியே இழுக்கும். கட்டிப் புரளுவார்கள், பல் தெறிக்கும், விலா ஒடியும். சாமி கோலை மூன்று தடவை தட்டினால் நிறுத்திவிடவேண்டும். கையில் தடி கூடாது. முகமூடி வாய் திறந்து பேசக்கூடாது, உறுமலாம். முகத்தை யாரும் கழற்றக்கூடாது, ஆள் யாரென்று கேட்கவும் கூடாது. மறுநாள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பீர் குடிப்பார்கள். முகத்தைக் கழற்றினால் அந்த வருஷம் பனி ஊரைத் தின்னும் என்று நம்பிக்கை.

அந்த வருஷம் சாமி வேஷம் கட்டியது கசியன். தாடியும் தலைப்பாகையும் வைத்துக்கொண்டு என் அடுப்போரம் போய் நின்றுகொண்டான்.

மணிச் சத்தம் வீட்டை அதிர வைத்தது. ஆறேழு பேர் திமுதிமுவென்று உள்ளே புகுந்தார்கள். கெப்ஹார்ட் தனி ஆள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "வாங்கடா, வாங்க!" என்றார். முதலில் வந்தவனை மார்பில் ஒரே மிதி. அவன் போய்ப் பாத்திர அலமாரியில் விழுந்தான். அடுத்தவன் தலையைப் பிடித்து மேஜையில் இடித்தார். நானே ஒரு நிமிஷம் சிரித்துவிட்டேன்.

அப்புறம்தான் தோலுக்கு உள்ளேயிருந்து தடிகள் வந்தன.

முதல் அடியில் இடது மணிக்கட்டு முறிந்தது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. மேஜை கவிழ்ந்தது, இவர் கீழே விழுந்தார், சுற்றி நின்று கதிர் அடிக்கிற மாதிரி அடித்தார்கள். "கோலத் தட்டுடா பாவி! தட்டுடா!" என்று கசியனின் தாடியைப் பிடித்து உலுக்கினேன். அவன் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த நேரம் ஒரு முகமூடி மற்றவர்களைத் தள்ளிக்கொண்டு போய் இவர் மேல் பொத்தென்று விழுந்தது. கையையும் காலையும் விரித்துக்கொண்டு அப்படியே அமுக்கியது. தடிச் சத்தம் நிற்கவே இல்லை. ஐயோ, மூச்சு முட்டிச் சாகடிக்கப் போகிறான் என்று அலறினேன். இவரும் அப்படித்தான் நினைத்தார். வலது கை துழாவி அடுப்புக் கம்பியைப் பிடித்தது. பக்கவாட்டில் ஓங்கி ஒரு போடு போட்டார். மர முகம் நெற்றிப்பொட்டுப் பக்கம் பிளந்தது. இன்னொரு போடு. அந்த ஆள் உறுமக்கூட இல்லை, புரண்டு விழுந்தான்.

எல்லோரும் நின்றார்கள். முகத்தின் தாடைக்கு அடியிலிருந்து ரத்தம் கொழகொழவென்று வந்தது. உள்ளே களகளவென்று ஒரு சத்தம். நான் குனிந்து முகத்தைப் பிடித்தேன். ஒருவன் என் கையை முறுக்கி இழுத்தான். "கழற்றாதே!" என்றார் என் வீட்டுக்காரரே, கீழே கிடந்தபடி. அவ்வளவு அடி வாங்கினவருக்கும் அந்தக் கட்டுப்பாடு மறக்கவில்லை! முகத்தோடேயே தூக்கிக்கொண்டு போனார்கள். விறகுக் கொட்டகையில் வைத்துக் கழற்றும்போது என் தம்பி செத்திருந்தான். காயத்தால் இல்லையாம், சொந்த ரத்தமே மூச்சை அடைத்துவிட்டதாம்.

கசியன் தாடியை எடுத்துவிட்டுத் திரும்பி வந்தான். "கெப்ஹார்ட், ரோமெட் ஐஸ்ல வழுக்கி விழுந்தான். நாங்க எல்லாரும் பாத்தோம். நீ வேற மாதிரி பாத்திருந்தா உனக்குத்தான் ஜெயிலு." கவிழ்ந்து கிடந்த மேஜையை நிமிர்த்தி வைத்தான். "காட்ட விட்ரு. தம்பி பேரையே வைக்கிறேன் அந்தச் சரிவுக்கு."

நான் தட்டை எடுத்து அவன் மூஞ்சியில் அடித்தேன். இவர் முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. என் தம்பியைக் கொன்ற கையோடு என்னை எப்படிப் பார்ப்பார்? "எடுத்துக்கோ" என்றார். தலைமுறை தலைமுறையாகக் காத்த காடு ஒரே வார்த்தையில் போயிற்று.

காலையில் தம்பியைக் குளிப்பாட்டினேன். முன்பக்கம் பொட்டில் மட்டும்தான் காயம். புரட்டிப் போட்டேன். முதுகைப் பார்த்துத் தண்ணீர்ச் செம்பைக் கீழே போட்டுவிட்டேன். கழுத்திலிருந்து தொடை வரைக்கும் தடி பட்டுத் தடித்துக் கறுத்திருந்தது, விரல் வைக்க இடமில்லை. கெப்ஹார்ட் அடித்தது தலையில். இவனுக்கு அடியில் கிடந்தவர் இவன் முதுகில் எப்படி அடிப்பார்?

"இங்க வாங்க" என்று கூப்பிட்டேன். வந்தார். பார்த்தார். அவருக்கு விழவேண்டிய அடி முழுக்க அந்த முதுகில் இருந்தது.

"பேசியிருக்கலாமேடா" என்றார். "நான்தான் மச்சான்னு ஒரு வார்த்த... ஒரே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாடா, பாவிப் பயலே!"

அந்த முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். மேலே கசியனின் ஆட்கள் அதற்குள் ரம்பம் போட ஆரம்பித்திருந்தார்கள்.