இரண்டு அடி

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பிரதீபனின் கம்ப்யூட்டர் கடையில் போட்டோகொப்பி எடுக்கப் போன கேதீஸ்வரி ரீச்சர், கண்ணாடி அலமாரியில் அந்த இறுவட்டைக் கண்டு நின்றுவிட்டாள். அவளுடைய 'தோட்டத்துக் கும்மி'தான். அட்டை வேறு, விலையும் பாதி.

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்த கவிராயர் ஒருவர், வெள்ளைக்காரன் காலத்தில் அச்சிட்ட பாட்டுப் புத்தகம் அது. எங்கும் கிடைக்காமற் போயிருந்ததைத் தேடிப் பிடித்து, விடுமுறை விடுமுறையாக உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றி, சீடியாகப் போட்டு விற்றவள் அவள்.

"தம்பி, இது நான் ரைப் அடிச்சதெல்லோ?"

பிரதீபன் எழுந்து நின்றான். "கோவிச்சுக்காதீங்க டீச்சர். எழுதுனவரு செத்து எழுவது வருசத்துக்கு மேல ஆச்சு. யாரு வேணும்னாலும் விக்கலாமாம். வக்கீல்கிட்ட கேட்டுட்டுத்தான் போட்டேன். உங்க முன்னுரை, குறிப்பு எதையும் தொடலைங்க."

அவளும் விற்கத் தொடங்குமுன் வக்கீல் முத்துலிங்கத்திடம் இதையேதான் கேட்டிருந்தாள். பாட்டு பொதுச்சொத்து, சொந்தமாக எழுதிச் சேர்த்தது மட்டுமே உங்களுடையது என்று அவர் சொன்னபோது எவ்வளவு சந்தோஷம்! இப்போது அதே சட்டம் கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்று பேசியது.

"அப்ப நீங்களும் புத்தகத்தைப் பாத்தே அடிச்சனீங்கள்? மழைப் பாட்டைத் திறவுங்கோ பாப்பம்."

திரையில் பாட்டு வந்தது.

*கூடை கனத்தால் இறக்கிவைப்பேன் – இந்தக்*
*குளிரை எங்கடி இறக்கிவைப்பேன்?*

அகப்பட்டுக்கொண்டான். புத்தகத்தில் இந்த இரண்டு அடி இல்லை. அந்த இடத்தைக் கறையான் தின்றிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த முதல் மார்கழியில், போர்வைக்குள்ளும் நடுங்கிக்கொண்டு கிடந்த அவள் எழுதி நிரப்பியவை. ஒரு அடிக்குறிப்புப் போட நினைத்து, போடாமலே விட்டாள். உரிமை கேட்கலாம்தான். கேட்டால், செத்த மனிதரின் வாயில் தன் சொல்லை வைத்ததையும் ஊருக்குச் சொல்லவேண்டும்.

அந்நேரம் பார்த்துக் குடையை மடக்கிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். "தம்பி, நேத்து சொல்லிவச்ச அழகம்மாங்க. அந்தச் சீடி இருக்கா? மக ஸ்கூல் விழாவுல மழப் பாட்டு படிக்குது. கூடைய எறக்கலாம், குளிர எங்க எறக்கன்னு கேட்டிருக்காரு பாருங்க, மலையில நின்னு நனைஞ்ச மனுசன்தான் அப்பிடி எழுதலாம்."

கேதீஸ்வரிக்கு முகம் சுட்டது. பேசாமல் போய்விடலாம்.

"அந்த ரெண்டு அடியும் அவர் எழுதேல்லை. நான் எழுதினது."

பிரதீபனின் கை மவுஸில் அப்படியே நின்றது. "அப்ப... எடுத்துரட்டுங்களா டீச்சர்?"

அழகம்மா ரீச்சரை ஏற இறங்கப் பார்த்தாள். கோபமா, மதிப்பா என்று பிடிபடவில்லை. "அத எடுத்துப்புட்டா பாட்டுல என்னாங்க இருக்கு?" என்றவள், சற்று நின்று, "மேடையில மக யாரு பேரச் சொல்லணும்?" என்று கேட்டாள்.

கேதீஸ்வரி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் நோட்டன் பிரிட்ஜ் பஸ் ஹோர்ன் அடித்தது. அழகம்மா காசை வைத்துவிட்டு, இறுவட்டைச் சேலைக்குள் செருகிக்கொண்டு மழையில் ஓடினாள். பஸ் திரும்பும்போது ஈரக் கண்ணாடிக்குப் பின்னால் அவள் உதடுகள் 'கூடை கனத்தால்' என்று அசைவது தெரிந்தது.