ஆறு முயலும் கால் மாத்திரையும்

வேலப்பன்சாவடிக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியில் முயல் கூண்டு கழுவித் தீனி வைப்பது என் வேலை. பெயர் ஜுலைகா. முயல்களுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்று சேர்ந்த அன்றே சொன்னார்கள். நான் வைக்கவில்லை. அதைவிடப் பெரிய கூத்து ஒன்றைச் செய்துவைத்தேன்.

பூந்தமல்லி வீட்டில் என் கணவர் ஹபிபுல்லா. கார் சீட் கவர் தைத்தவர், இப்போது தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்குகிறார். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொள்கிறது. முதுகில் ஊசி போட்டு ஒரு லிட்டர் எடுப்பார்கள். பத்தே நாளில் பாழாய்ப்போன நீர் திரும்ப வந்துவிடும்.

அதற்குத்தான் மருந்து தேடிக்கொண்டிருந்தார் டாக்டர் நிவேதிதா, மேல்படிப்பு படிக்கிறவர். மார்புக்குள் மருந்தைச் செலுத்தினால் நுரையீரல் மார்புச் சுவரோடு ஒட்டிக்கொள்ளுமாம். ஒட்டிவிட்டால் நீர் சேர இடமேது? ஆறு முயலுக்கு மருந்து, ஆறு முயலுக்கு வெறும் உப்புத்தண்ணீர். இருபத்தெட்டாம் நாள் பன்னிரண்டையும் வலியில்லாமல் கொன்று, அறுத்துப் பார்ப்பார்கள்.

“இது பலிச்சா, அடுத்து வார்டுல நோயாளிங்களுக்குக் குடுத்துப் பாக்க அனுமதி கேப்போம்க்கா” என்றார். அன்றிலிருந்து நான் செருப்பைக் கழற்றும் முன்பே வீட்டில் இவர் கேட்பார்: “இன்னா சொல்லுது உன் முயலு?”

மருந்து போட்ட மறுநாள் அந்த ஆறும் கீரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் கிடந்தன. வலிக்கு ஊசி போட்டாயிற்று, சில நாளில் சரியாகும் என்றார் டாக்டர். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பையில் என் வீட்டுக்காரருக்கு வாங்கிய மாத்திரை இருந்தது. மூச்சிரைப்புக்கு எழுதிக்கொடுத்த குட்டி வெள்ளை மாத்திரை. அதைப் போட்டால்தான் இவருக்குச் சோறு இறங்கும். கால் துண்டை நுணுக்கி, வாழைப்பழத்தில் பிசைந்து, ரொம்ப வாடியிருந்த ஒன்றுக்குக் கொடுத்தேன். பக்கத்துக் கூண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டில் ஒரு பிள்ளைக்கு ஊட்டினால், பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கும் ஊட்டாமல் கை கழுவமாட்டோம். ஆறுக்கும் கொடுத்தேன். சாயங்காலமே கீரை காலி! பெரிய வைத்தியச்சி மாதிரி ஐந்து நாள் விடாமல் கொடுத்தேன்.

இருபத்தெட்டாம் நாள் அறுத்துப் பார்த்தார்கள். ஒன்றில்கூட ஒட்டவில்லை. பேராசிரியர் மனோகரன் கையுறையைக் கழற்றினார். “இந்த மருந்து வேஸ்ட்மா. விட்டுடு” என்று சொல்லிப் போய்விட்டார்.

“ஏன்மா ஒட்டல?” என்று டாக்டரைக் கேட்டேன்.

“புரியலக்கா. உள்ள புண்ணாகி ஆறினாத்தான் ஒட்டும். ஸ்டீராய்டு ஏதாவது போயிருந்தா புண்ணாக விடாது. நாமதான் அதெல்லாம் குடுக்கலையே.”

இவருக்கு மாத்திரை எழுதிய டாக்டர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது: “ஸ்டீராய்டும்மா, நீங்களா நிறுத்திடாதீங்க.” யா அல்லாஹ்!

சொன்னால் வேலை போகும், இன்னும் பன்னிரண்டு முயல் சாகும். சொல்லாவிட்டால் இவருக்கு வரவேண்டிய மருந்து குப்பைக்குப் போகும். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?

“இன்னா சொல்லுது உன் முயலு?”

“முயலு பேசுமா? வாய மூடிக்கினு மாத்திரையப் போடுங்க!”

அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாயிற்று. “நீ பக்கத்துல கீறப்போ அதுங்களுக்கு இன்னா கொற?” என்றார். செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் காலை மாத்திரை அட்டையை டாக்டரின் மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பன்னெண்டு உசுரு, அக்கா” என்றார். “சும்மா போச்சு.”

வேறு எதுவும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். “மனோகரன் சார் உங்கள வேலைய விட்டு அனுப்பிடச் சொன்னாரு. தப்ப வந்து சொல்ற ஆள எங்க தேடுறதுன்னு நான் சண்ட போட்டேன். நடந்தத, முயல் சோதனைக்கு அனுமதி குடுக்குற கமிட்டிக்கு எழுதிக் குடுத்து, மறுபடியும் செய்யலாம். ஆனா சத்தியம் பண்ணுங்க. கீரை, தண்ணி, தீனி. அதுக்குமேல ஒரு துளி கூடாது.”

சத்தியம் செய்தேன். அனுமதி வர நான்கு மாதம். அதற்குள் இவருக்கு நீர் திரும்பக் கோக்கிற பத்து நாள் ஆறு நாளாகச் சுருங்கிவிட்டது.

நேற்று புது முயல்களுக்கு மருந்து போட்டார்கள். இன்று ஆறும் முதுகைக் கூனிக்கொண்டு கிடக்கின்றன. ஒன்று மட்டும் கம்பியருகே வந்து என் விரலை மோந்து பார்த்தது. மாத்திரை இருந்த பையைக் கொண்டுபோய் வாட்ச்மேன் தினகரனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் வரை வைத்த கீரை வைத்தபடியே இருந்தது. என் கையை நானே கட்டிக்கொண்டு நின்றேன்.

வீட்டில் செருப்பைக் கழற்றினேன். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கிக் கேட்டார்: “இன்னா... சொல்லுது... முயலு?”

“ஒண்ணுகூட சாப்பிடலீங்க.”

“அய்யோ பாவம். அப்போ?”

“உள்ள புண்ணாகுது. மருந்து வேல செய்யுதுன்னு அர்த்தம்.”

எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அடுப்படிக்குப் போய் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதேன்.