படையலில் வைத்த போத்தல்கள்

காலையில் குளித்துவிட்டு வேட்டி கட்டிக்கொண்டிருந்த இரத்தினவேலுக்குக் குசினிப் பக்கம் ஏதோ வெடித்த சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தார். மேசையில் மிச்சம் வைத்திருந்த ஒற்றைப் போத்தல் சுக்குநூறாகிக் கிடந்தது. சுவரெல்லாம் தோடம்பழ நுரை. ஒரு கண்ணாடித் துண்டு அரிசி வாளியின் மூடியில் குத்தி நின்றது.

வீட்டில் அதைச் சோடா என்றுதான் சொல்லியிருந்தார். உண்மையில் அது தேன்மது. தேன், தண்ணீர், தோடம்பழச் சாறு எல்லாம் கலந்து, ஈஸ்ட் போட்டு, பேஸ்மென்டில் புளிக்க வைத்தார். குமிழி நின்றதும் புளித்து முடிந்தது என்று நினைத்தார். குளிருக்கு ஈஸ்ட் உறங்கிப்போயிருக்கும் என்று யோசிக்கவில்லை. நுரை பொங்க வேண்டுமென்று போத்தலுக்கு ஒரு கரண்டி தேனும் விட்டு, அழகுக்கு விற்கிற மெல்லிய கண்ணாடிப் போத்தல்களில் இறுக்கி அடைத்தார். மேலே வீட்டு வெக்கைக்கு வந்ததும் ஈஸ்ட் விழித்துக்கொண்டது.

மற்றப் போத்தல்களை, நேற்று அவர் வேலைக்குப் போயிருந்த நேரம், மனைவி யோகமலர் ஸ்ரௌவ்வில் நகருக்குக் கொண்டுபோய்விட்டாள். அங்கே அவருடைய தங்கை கமலாம்பிகையின் புது வீட்டில் இன்று குடிபுகுதல். போன் அடித்தார். பூசை நேரத்தில் யார் எடுக்கப் போகிறார்கள்?

காரை விரட்டினார். முன்பொருமுறை குடித்துவிட்டுத் தங்கையின் மகளைக் காரில் ஏற்றிப்போய் மரத்தில் மோதியவர் அவர். இனிக் குடிப்பதில்லையென்று கோயிலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணிய பிறகுதான் கமலாம்பிகை அவரை வாசலுக்கு விட்டாள். கடையில் வாங்கினால்தானே குடி, தேனில் செய்தது என்ன குடியா என்று தனக்குத்தானே நியாயம் சொல்லி வந்திருந்தார்.

தங்கை வீட்டு ஹோலில் ஓமம் எரிந்துகொண்டிருந்தது. பழத்தட்டுகளுக்கு நடுவே போத்தல்கள். அதற்கு நேர் முன்னால் சம்மணம் போட்டுப் பிள்ளைகள்.

“கமலா, உந்தப் போத்திலுகளை எடு. வெடிக்கும்.”

“வந்ததும் வராததுமாய்ப் பகிடியோ அண்ணை? தேனும் தோடம்பழமும் எண்டு மச்சாள் சொன்னா. அதுதான் சாமிக்கு வைச்சனான்.”

“பகிடி இல்லை. கேஸ் கூடிப்போச்சு.”

“படைச்சதைத் தீபம் காட்ட முதல் எடுக்கிறதோ? கொஞ்சம் பொறுங்கோ.”

“இவருக்கு இப்ப சோடாவுக்கும் பயம்,” என்றாள் யோகமலர். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

தானே தூக்கலாம். குலுங்கினால் பிள்ளைகளின் முகத்திலேயே வெடிக்கும். முதலில் அவர்கள் எழும்ப வேண்டும். தீட்டென்றால் மட்டுமே படையலை எடுக்க விடுவார்கள்.

“அது சோடா இல்லைப் பிள்ளை. வெறிக்கிற சாமான். நான் குடிக்கச் செய்தது.”

ஐயரின் மந்திரம் பாதியில் நின்றது. கமலாம்பிகை அவரைப் பார்க்காமல் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

“பிள்ளையள், எழும்புங்கோ. எல்லாரும் மேல போங்கோ.”

குளிர் ஜாக்கெட்டால் ஒவ்வொரு போத்தலாகச் சுற்றி எடுத்துப்போய்ப் பின்வளவுப் பனியில் புதைத்தார். கடைசிப் போத்தல், அவர் கையை எடுத்ததும், பனிக்குள்ளேயே வெடித்தது. வெள்ளைப் பனியில் மஞ்சள் நுரை பரவியது.

பின்கதவு திறந்தது.

“கையில வெட்டினதோ?” கமலாம்பிகை கேட்டாள்.

“இல்லை.”

“ஐயர் திரும்ப முதலில இருந்து தொடங்கப் போறார். நீங்கள் வெளிக்கிடுங்கோ.”

“யோகமலர்...”

“அவ இஞ்சயே நிக்கிறாவாம்.”

கதவைச் சாத்தினாள். பூட்டு விழும் சத்தம் கேட்டது. இரத்தினவேல் வீட்டைச் சுற்றிக்கொண்டு காரை நோக்கி நடந்தார்.