மீன்ரூமுக்கு வந்த கைக்குட்டை

வாசலிலேயே கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார் மனுஷன். ஆட்டப் பாட்டு வகைகளுக்குப் பெயர் வந்த கதையைப் புத்தகமாக எழுதுகிறவராம். என் மீன் கிடங்குக்குப் புகழ் தர வந்தவருக்கு அதன் வாசம் மட்டும் ஆகவில்லை.

"ஹவுஸ், கராஜ்னு வெளிநாட்டு ஆட்டப் பாட்டுக்கெல்லாம் ஆடின இடத்தோட பேருங்க. உங்க தங்கச்சி பண்ற 'மீன்ரூம்' மட்டும்தான் கவிதை!"

"அதுவும் ஆடின இடந்தாங்க. அதுலதான் நிக்கிறீங்க," என்றாள் தங்கச்சி.

எங்களிடம் மீன் வெட்டுகிற பெண்கள் எட்டுப் பேர். அவர்கள் கத்தி கட்டையில் விழுகிற சத்தத்தைப் பிடித்து, கம்ப்யூட்டரில் அடுக்கித் தாளமாக்கியவள் தங்கச்சி. சனிக்கிழமை மத்தியானம் தரையைக் கழுவிவிட்டு, ரப்பர் பூட்ஸோடு முதலில் ஆடியதும் அந்த எட்டுப் பேர்தான். பெயர் வைத்தது அவர்களில் மூத்த பெரியக்கா. புத்தகத்தில் எட்டுப் பேரும் வரவேண்டும்; தங்கச்சிக்கு அது ஒன்றுதான் ஆசை.

அவர் நீட்டிய அச்சுத்தாளில் ஒருத்திகூட இல்லை. 'கட்டில்லாத மனம், கடலில் நீந்தும் மீன்' என்பதிலிருந்து வந்த பெயராம். தாளைத் திருப்பியும் பார்த்தேன்; பின்பக்கம் வெறுமை.

வியாபாரி நாக்கு சும்மா இருக்குமா?

"எட்டுல பாதியாவது போடுங்க சார்."

"குடல், செதில்னு எழுதினா படிக்கிறவங்க முகம் சுளிப்பாங்க. தங்கச்சி படத்தை முழுப் பக்கத்துக்குப் போட்டுடறேன்."

"ரெண்டு பக்கம்."

"சரி, ரெண்டு."

அழுகின சரக்கை ஐஸுக்கடியில் மறைத்து விற்கிறவனைப் பார்ப்பதுபோலத் தங்கச்சி என்னைப் பார்த்தாள்.

"அவங்க இல்லாத புத்தகத்துல நானும் வேணாம். என் பாட்டையும் எடுத்துடுங்க."

"யோசிங்கம்மா. இதை விட்டா உங்களை யாருக்குத் தெரியும்?"

"தெரியாமலே போகட்டும்." தாளைக் குடல் வாளியில் போட்டாள்.

அவர் செருப்பை உதறி உதறி வெளியேறினார். அதுவரை தலை நிமிராமல் வெட்டிக்கொண்டிருந்த பெரியக்கா, இப்போது புறங்கையால் மூக்கைப் பொத்தினாள்.

"என்ன கருமம்டா தம்பி இந்த சென்ட்டு! குழாயத் திற."

திறந்தேன். அவர் நின்ற இடத்தில் தண்ணீரைப் பாய்ச்சினேன்.

"அங்க மட்டும் இல்ல," என்றாள் பெரியக்கா. "நீ நின்னு பேரம் பேசினியே, அந்த இடத்தையும் சேர்த்துக் கழுவு."