இறக்கி வைக்காத சுமை

நான் பகி. அடிச்சுவடு பார்த்து ஆளைச் சொல்கிறவனுக்குப் பார்க்கர் பக்கம் அதுதான் பெயர். ஒட்டகத்தின் அடியைப் பார்த்தால் அதற்கு எந்தக் கண் குருடு என்று சொல்வேன். என் வாய்ச்சொல்லை வெள்ளைக்கார ஜட்ஜே எழுதி வாங்குவார். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. அதனால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த வருஷம் மேகோ என்ற கோலி சாதிக்காரன், ரண் என்ற உப்புப் பாலைவெளியில் சர்க்காருக்குத் தெரியாமல் உப்பு அள்ளும்போது பிடிக்க வந்த காவல் சிப்பாயைத் தடியால் அடித்துவிட்டான். சிப்பாய் செத்துப்போனான். மேகோவைப் பிடித்தால் தூக்குதான். பதினோரு நாள் போலீஸ் தலைவர் பௌஜ்தார் முராத் அலியும் எட்டுப் போலீசும் நானும் அவன் பின்னால் அலைந்தோம். இடது காலில் சுண்டுவிரல் இல்லாத அடி. எனக்கு அது மனப்பாடம்.

பன்னிரண்டாம் நாள் காலை, மேகோவின் சொந்த ஊரான வீராசருக்குக் கூப்பிடு தூரத்தில், பாறையோரம் ஒரு எருக்கஞ்செடிக்குப் பக்கத்தில் அந்த அடி நின்றுவிட்டது. திரும்பவும் இல்லை, தாண்டவும் இல்லை. அங்கிருந்து ஊருக்குள் போனது ஒரு பெண்ணின் அடி மட்டும்தான்; அவள் பாறை வழியாக வந்திருக்க வேண்டும்.

"என்ன பகி, ஆளு பறந்துட்டானா?" என்று ஒரு போலீஸ்காரன் சிரித்தான்.

"வாயை மூடுடா. இந்தப் பாறை மேல யாரோ ஒட்டகத்துல காத்திருந்து கூட்டிட்டுப் போயிருக்கணும். பாறை வழியாவே போயிருப்பாங்க. இந்தப் பொம்பளைக்கு விஷயம் தெரியும்" என்றேன்.

"எந்தப் பொம்பளை?" என்றார் பௌஜ்தார்.

எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பெண்பிள்ளையின் அடியைப் பார்த்துப் பெயர் சொல்லமாட்டோம். அவள் எங்கே போனாள், யாரோடு போனாள் என்று பகி வாயைத் திறந்தால் ஊர் ஊராக இருக்காது. என் அப்பா சாகும்வரை மீறவில்லை. நானோ, போலீஸ்காரன் சிரித்த சிரிப்பில் புத்தி கெட்டு நின்றேன்.

"பேரு சொல்லமாட்டேன் சாகிப். ஆனா பிள்ளைத்தாச்சி. அடி ஆழமா இருக்கு, கால் அகலமா விழுது, பத்தடிக்கு ஒருதரம் நின்னு மூச்சு வாங்கியிருக்கா. தண்ணியோ விறகோ சுமந்தவளா இருந்தா நின்ன இடத்துல சுமையை இறக்கி வச்சிருப்பா, தடம் இருக்கும். இவ ஒரு இடத்துலயும் இறக்கல. இறக்க முடியாத சுமைன்னா வயித்துச் சுமைதான்."

சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டேன். பாவி.

சர்க்கார் சட்டம் எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அடி எந்த ஊரில் முடிகிறதோ, அந்த ஊர் அடி வெளியே போனதைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் ஆளை ஒப்படைக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ஊர் ஆண்களைக் கொண்டுபோவார்கள். அந்தப் பெண்ணின் அடி ஊர்த் தெருவில் ஆட்டுக் குளம்புகளுக்கு நடுவே கலைந்துபோயிருந்தது. பௌஜ்தார் முதலில் குடிசை குடிசையாகத் துழாவினார். மேகோ கிடைக்கவில்லை. பிறகு, "இந்த ஊர்ல பிள்ளைத்தாச்சி யாரு?" என்று கேட்டார்.

ஒரே ஒருத்திதான். கேசர், வீர்ஜியின் பெண்டாட்டி, ஒன்பது மாதம். வீர்ஜியின் கையைப் பின்னால் கட்டினார்கள். கொலைகாரனை ஓடவிட்டதற்கு அந்தமான் என்றார் பௌஜ்தார். அடியை ஒத்துப் பார்க்க, கேசரை ஊர்ச் சாவடிக்கு முன்னால் மணலில் நடக்கச் சொன்னார்கள்.

"ஏ கர்சன், உனக்கு அக்கா தங்கச்சி இல்லையா?" என்று ஊர்த் தலைவரான முக்கி என்னைப் பார்த்துக் காறித் துப்பினார். ஊரே முகத்தைத் திருப்பிக்கொண்டது. கேசர் முக்காட்டை இழுத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

குனிந்து பார்த்தேன். அவள் அடி இல்லை. எருக்கஞ்செடி அடிக்கு விரல் நீளம், பாதம் ஒடுக்கம். இவளுக்கோ தட்டைப்பாதம்.

"இவ இல்ல சாகிப்."

"பிள்ளைத்தாச்சின்னு நீதானே சொன்னே? இப்ப ஊர்க்காரன் துப்பினதும் பிள்ளைத்தாச்சி மாறிட்டாளா? போதும். வீர்ஜியை ஒட்டகத்துல ஏத்துங்க."

கேசர் அலறிக்கொண்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு ஒல்லிப்பெண் செம்பில் மோர் கொண்டு ஓடிவந்து அவளைத் தாங்கினாள். அவள் வந்த வழியைப் பார்த்தேன். நீள விரல், ஒடுக்கமான பாதம். ஆனால் காற்றுப் போல மேலோட்டமாக விழுந்திருந்தது. "ஜீவி, பாத்து" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவள் மேகோவின் பெண்டாட்டி ஜீவி. புருஷன் கால் மண்ணில் படக்கூடாது என்று அவனை முதுகில் சுமந்து ஊருக்குள் கொண்டு வந்திருக்கிறாள். அவ்வளவு பெரிய ஆளை! இறக்கினால் அவன் அடி விழுந்துவிடும், அதனால் நின்று நின்று மூச்சு வாங்கியிருக்கிறாள். நான் பெரிய மேதாவி மாதிரி வயிற்றுச் சுமை என்றேன்.

நான் சொன்னால் மேகோ தூக்கில் தொங்குவான். சொல்லாவிட்டால் வீர்ஜி அந்தமான் போவான், இந்தப் பிள்ளை அப்பன் முகம் பார்க்காது.

நான் அவள் அடியையே பார்ப்பதை ஜீவி பார்த்துவிட்டாள். எழுந்து பௌஜ்தார் முன்னால் போய் நின்றாள்.

"அவனை அவிழ்த்து விடுங்க சாகிப். அந்த அடி என்னுது. என் புருஷனை நான்தான் சுமந்தேன்."

போலீஸ்காரர்கள் கொல்லென்று சிரித்தார்கள். "ஊதினா பறந்துடுவே, நீ சுமந்தியா?"

சாவடிச் சுவரோரம் கம்பு மூட்டை இரண்டு கிடந்தது. ஜீவி முக்கியிடம், "தூக்கி விடுங்க மாமா" என்றாள். முக்கி அழுதுகொண்டே தூக்கிவிட்டார். இரண்டையும் முதுகில் வாங்கிக்கொண்டு, கால்கள் நடுங்க, கேசர் நடந்த மணலிலேயே நடந்தாள். சிரிப்பு நின்றது.

"பகி, இதுவா?"

"இதுதான்" என்றேன்.

"அவன் எங்கே?"

"ஊரைத் தாண்டி மேற்கால விட்டேன். ஒட்டகம் நின்னுச்சு. இந்நேரம் ரண்ணுக்குள்ள போயிருப்பான்."

பௌஜ்தார் என்னைப் பார்த்தார். "போ, மேற்கே பார்த்துட்டு வா. பொய்யா இருந்தா இந்த ஊர் ஆம்பளை ஒருத்தன் மிஞ்சமாட்டான்."

போனேன். மேற்கே ஆட்டுக் குளம்பும் காற்று வரிகளும்தான் இருந்தன. ஒட்டகமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மேகோ வெளியே போகவே இல்லை. ஊருக்குள்தான் எங்கேயோ குழிக்குள் கிடக்கிறான், இந்தக் கூத்தையெல்லாம் கேட்டுக்கொண்டு. முப்பது வருஷத்தில் மண்ணில் இல்லாததை நான் சொன்னதில்லை. ஆனால் என் திமிரால் கேசர் நடந்தாள், ஜீவி நடந்தாள். இன்னும் என்ன சுத்தம் பார்க்கிறது? இருந்த ஆட்டுத் தடத்தைக் காலால் கலைத்துவிட்டுத் திரும்பினேன்.

"ஒட்டக அடி இருக்கு சாகிப். தெற்கால, பாறை மேல ஏறிப் போயிருக்கு."

வீர்ஜியை அவிழ்த்தார்கள். பௌஜ்தார் ஆறு பேரோடு ரண் பக்கம் ஒட்டகத்தைத் தட்டினார். உப்புத் தரையில் பகிக்கு வேலை இல்லை என்று, இரண்டு போலீசோடு ஜீவியை நகர் போலீஸ் தாணாவுக்குக் கொண்டுபோய் வாக்குமூலம் கொடுக்க என்னை அனுப்பினார்.

ஊர் கண்ணுக்கு மறையும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன். எனக்கு ஆத்திரமாக இருந்தது. அடேய் மேகோ, வெளியே வரவேண்டாம். மணல்மேடு வரைக்குமாவது ஊர்ந்து வந்து அவள் போவதைப் பார்க்கக் கூடாதா?

ஒரு கண்டி மர நிழலில் போலீஸ்காரர்கள் தண்ணீர் குடிக்க நின்றார்கள். ஜீவி கட்டிய கையோடு என் பக்கம் வந்து, தலை நிமிராமல் பேசினாள்.

"அண்ணே, ஒரு உதவி. பின்னாடி அடி ஏதாச்சும் வருதா, பாத்துச் சொல்றீங்களா?"

"எதுக்குத் தங்கச்சி?"

"வரக்கூடாதுன்னு என் தலையில கைவச்சுச் சத்தியம் வாங்கியிருக்கேன். ஆனாலும் பாருங்க."

போய்ப் பார்த்தேன். மணல்மேட்டின் அந்தப் பக்கம்வரை போனேன். எங்கள் செருப்படி, ஒட்டகம், அவள் வெறுங்கால். அவ்வளவுதான். அவ்வளவு காலியான மணலை நான் பார்த்ததில்லை.

"வந்திருக்கான்மா" என்றேன். "மேட்டுக்குப் பின்னாடி ரொம்ப நேரம் நின்னிருக்கான். அப்புறம்தான் திரும்பியிருக்கான்."

"ரொம்ப நேரமா?"

"ரொம்ப நேரம். குதிகால் நல்லாப் பதிஞ்சிருக்கு."

ஜீவி தலையை ஆட்டினாள். அதுவரை அழாதவள், முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நான் ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.