தேன் பருந்தா, குடுமிக் கழுகா?

ஸ்கூடாய் நகரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சுப்ஹான், மதிய வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் கண்ணாடிக் கதவில் ஏதோ மோதிய சத்தம் கேட்டு ஓடினார். வாசலில் பெரிய பழுப்புப் பறவை ஒன்று மயங்கிக் கிடந்தது. துண்டைப் போர்த்தித் தூக்கி அட்டைப்பெட்டியில் வைத்தார். வனவிலங்கு இலாகாவுக்குப் போன் போட்டால், மறுநாள்தான் ஆள் வருமாம்.

சாயங்காலம் பறவை கண் விழித்தது. கோழித் துண்டு போட்டார். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் மனைவி ரசியா படம் எடுத்துத் தாமான் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். உடனே இரண்டு பேர் கூப்பிட்டார்கள்.

பறவைப் படம் எடுக்கும் ஹேமநாதன், "அண்ணே, அது தேன் பருந்து. குளவிக் கூட்டைப் பிச்சு உள்ள இருக்குற புழுவத்தான் தின்னும்" என்றார்.

சாஆ என்ற ஊரின் தோட்டப்புறத்தில் வளர்ந்த ரூபேந்திரனோ, "குடுமிக் கழுகு லா! எங்க வீட்டுல எத்தன கோழிக்குஞ்சு தூக்கியிருக்கு!" என்று அடித்துச் சொன்னார்.

இருவரும் ஆளுக்கொரு படமும் அனுப்பினார்கள். சுப்ஹான் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் பழுப்பு. இரண்டுக்கும் வாலில் பட்டை.

"ரசியா, ரெண்டும் ஒண்ணுதானே?"

"எனக்கும் அப்படித்தாங்க தெரியுது. ஹேமநாதன்கிட்டயே கேளுங்க."

"கால பாருங்கண்ணே," என்றார் போனில் ஹேமநாதன். "கழுகுக்கு விரல் வரைக்கும் இறகு மூடியிருக்கும். பருந்துக்கு வெறுங்காலு."

பறவை காலை மடக்கி உட்கார்ந்திருந்தது. துண்டை விலக்கப் போனால் அலகைத் திறந்து சீறியது. வேறு வழியில்லாமல், கூரையோரம் தொங்கிய குளவிக் கூட்டைக் கம்பால் தட்டி வீழ்த்திப் பெட்டிக்குள் போட்டார். புருவத்தில் ஒரு கொட்டு வாங்கியதுதான் மிச்சம். பறவை அதையும் தொடவில்லை.

காலையில் பெட்டியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். குளவிக் கூட்டில் ஒரு புழுகூட மிச்சமில்லை. கோழியும் காலி.

"அலமாக்! இப்ப இது எதுன்னு சொல்றது?" என்றார் ரசியா.

வந்த அதிகாரி உறை மாட்டிய கையால் பறவையின் காலைப் பிடித்து நீட்டினார். இறகில்லாத மஞ்சள் கால். தேன் பருந்துதான். பசித்தால் இறைச்சியும் தின்னுமாம். இறக்கையை விரித்துப் பார்த்து, எலும்பு ஒன்றும் முறியவில்லை என்றார். பின்னாலிருந்த திடலில் பறக்கவிட்டார். நிம்மதியாக ரூபேந்திரனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார் சுப்ஹான்.

"கோழி தின்னுச்சா இல்லையா?"

"தின்னுச்சு."

"அப்ப கழுகுதாண்ணே!"

சுப்ஹான் போனை வைத்துவிட்டு, அந்த இரண்டு படங்களையும் மறுபடி திறந்து பார்க்கத் தொடங்கினார்.