மிளகாய்க் கிடங்கில் ஐந்தாம் வகுப்பு

சுறாவின் வயிற்றைக் கிழித்துக்கொண்டிருந்த இருதயம்மாளின் எதிரில், அவள் மகளைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். ஐரீனின் முகவாய் இன்னொரு வாய்போலப் பிளந்திருந்தது. முன்பற்களில் இரண்டைக் காணோம். தூக்கி வந்த பெண்பிள்ளைகள் இருவரும் மூச்சு வாங்க நின்றார்கள். யார் செய்தது என்று இருதயம்மாள் கேட்டாள்.

"வாட்ச்மேன் மாசானம்," என்றாள் பெரியவள். "காலப் புடிச்சி மாடிலருந்து இஸ்துகினு வந்தான். ஒவ்வொரு படிலயும் மூஞ்சி இடிச்சிது."

காசிமேட்டு மணலில் மீன் அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள். இருதயம்மாள் பிள்ளையைச் சிலுவையம்மாளிடம் ஒப்படைத்துவிட்டு, கட்டுமரத்தின் மேல் கிடந்த துடுப்பை எடுத்துக்கொண்டு ராயபுரத்தை நோக்கி நடந்தாள்.

புருஷன் கடலோடு போன வருஷமே ஐரீனுக்குக் காய்ச்சல் வந்து, இரண்டு காலும் துவண்டுபோயின. கையை ஊன்றி இடுப்பால் நகர்வாள். பள்ளிக்கூடத்து ஓலைக்கொட்டகையில் நாலாம் வகுப்புவரை அதனால் ஒரு குறையும் வரவில்லை. ஐந்தாம் வகுப்போ மாடியில் நடந்தது. கீழே பெரிய கூடம் ஒன்று இருந்தும், மேனேஜர் திருமலை அதை வண்ணாரப்பேட்டை மிளகாய் வியாபாரி ஒருவருக்குக் கிடங்காக வாடகைக்கு விட்டிருந்தார். படித்தது போதும், கருவாட்டுக்குக் காவல் இரு என்று இருதயம்மாள் சொல்லிப் பார்த்தாள். பிள்ளை கேட்கவில்லை. வலைக் கயிற்றை மடித்து முதுகில் தடிப்பு எழும்ப அடித்துப் பார்த்தாள். அதற்கும் மசியாமல், கூடப் படிப்பவர்களின் முதுகில் தொற்றிப் பள்ளிக்கூடம் போய், படிகளில் ஒவ்வொன்றாய்ப் பின்புறத்தால் ஏறியது. பிள்ளை படியேறுகிற பாட்டைச் சொல்ல வந்த ஐந்தாம் வகுப்பு சுகிர்தம் டீச்சர்மேல் இருதயம்மாள் மீன் கழுவிய தண்ணீரை வீசியடித்திருந்தாள். டீச்சர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, இருமல்காரி. முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கும் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வரப்போகிறார், தவழுகிற பிள்ளை மாடியில் அவர் கண்ணில் படக்கூடாது என்று திருமலை உத்தரவு போட்டிருந்தார். மாசானம் அதை நிறைவேற்றியிருந்தான்.

அவன் பள்ளிக்கூட வாசலில் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். துடுப்பின் முதல் அடியில் தோள் எலும்பு முறிந்த சத்தம் தெருவுக்கே கேட்டது. கீழே விழுந்தவனை அவள் விடவில்லை. விலாவில் அடித்தாள், முழங்காலில் அடித்தாள். காலில் அடிக்கும்போது ஒரு வெறி ஏறியது; அங்கேயே திரும்பத் திரும்ப அடித்தாள். சுகிர்தம் ஓடிவந்து குறுக்கே விழுந்து துடுப்பைக் கட்டிப்பிடித்த பிறகுதான் அடி நின்றது.

ஸ்டேஷனில் அவளைச் சுவரோடு உட்காரவைத்து உள்ளங்காலில் லாத்தியால் அடித்தார்கள். முடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினார்கள். மறுநாள் பங்குச் சாமியார் வந்து பேசி வெளியே கொண்டுவந்தார். குப்பத்துக்குள் குதிகாலை ஊன்ற முடியாமல் விரல் நுனியில் நடந்து வந்தாள்.

ஐரீன் முகவாயில் தையலோடு பாயில் கிடந்தது. தலையைத் தடவலாம் என்று இருதயம்மாள் கையை நீட்டினாள். பிள்ளை சட்டென்று முழங்கையால் முகத்தை மூடிக்கொண்டு சுருண்டது. நீட்டிய கை அப்படியே நின்றது. மாசானத்தின் கையும் தன் கையும் இதற்கு ஒன்றுதான் என்பது அந்த நொடியில் அவளுக்கு உறைத்தது. லாத்தியடிக்கு வராத அழுகை அப்போது வந்தது.

சாயங்காலம் சுகிர்தம் வந்தாள். ஐரீனின் பெயரை நீக்கிவிட்டார்கள் என்றாள். தாய் ரவுடித்தனம் செய்தாள் என்பது காரணம். "அவனை அடிச்சு அவங்க கையில ஒரு சாக்கைக் கொடுத்துட்டீங்க," என்றாள். கோபத்தை அவள் மறைக்கவில்லை.

"அப்போ இன்னா பண்ணணும்ன்ற? கும்புட்டுகினு நிக்கணுமா?"

"ஐரீனைக் கூட்டிட்டு வாங்க. பேரு இல்லாட்டியும் பரவாயில்ல. நான் இனிமே மாடிக்குப் போகப் போறதில்ல. மொத்த வகுப்பையும் கீழ இறக்கப் போறேன்."

சொன்னபடியே செய்தாள். கிடங்குச் சுவரை ஒட்டிய முற்றத்தில், வெயிலில் வகுப்பு நடந்தது. இருதயம்மாள் பிள்ளையை இடுப்பில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, கேட்டுக்கு வெளியே கூடையோடு உட்கார்ந்துகொள்வாள். பள்ளிக்கூடத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று அவள் பார்த்தது அப்போதுதான். புளியந்தோப்பில் மாடு அறுப்பவரின் பையனும் கடைக்காரர் வீட்டுப் பையனும் ஒரே பாயில் இருந்தார்கள். வேறு பாய் கேட்ட தகப்பனிடம், பாய் ஒன்றுதான் இருக்கிறது என்று டீச்சர் சொல்லிவிட்டாளாம். அம்மையில் கண் போன ஒரு பையனுக்குப் பலகையில் புளியங்கொட்டையை எழுத்து வடிவில் ஒட்டித் தந்திருந்தாள். அவன் விரலால் தடவி உரக்க வாசித்தான். வண்ணாரப்பேட்டையிலிருந்து வரும் ஜன்னத் என்ற பெண்ணுக்குக் காது கேட்காது. அவளை எதிரே உட்காரவைத்து, முகம் காட்டாமல் டீச்சர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. யாரையும் அடிக்கவுமில்லை. கையில் பிரம்பே கிடையாது. அடிக்காமல் நாற்பது பிள்ளைகளை எப்படி உட்காரவைக்க முடிகிறது என்பது இருதயம்மாளுக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

திருமலை முதலில் மிரட்டினார். பிறகு முற்றத்தில் சாணித் தண்ணீரைக் கொட்டவைத்தார். அவர்கள் கழுவிவிட்டு உட்கார்ந்தார்கள். அதற்குள் ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. சுகிர்தம் கூடத்தில் ஒரு மூலையாவது தாருங்கள் என்று கேட்டாள். கூடத்துக்குப் பெரிய பூட்டு விழுந்தது. பிள்ளைகள் பலகையைத் தலைமேல் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். ஐரீனால் நிற்க முடியாது. ஓடுகிற தண்ணீரில், இடுப்புவரை நனைந்து உட்கார்ந்திருந்தது.

இருதயம்மாள் கடற்கரைக்குப் போய்ச் சிலுவையம்மாளையும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பெண்களையும் அழைத்து வந்தாள். படகின் நங்கூரக் கல்லை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். மூன்றாவது அடியில் பூட்டு தெறித்தது. சுகிர்தம் தடுக்கவில்லை. உள்ளே பிள்ளைகள் வர இடம் ஆகட்டும் என்று மட்டும் சொன்னாள். பெண்கள் மூட்டைகளை இழுத்து மழையில் எறிந்தார்கள். சாக்கு கிழிந்து முற்றத்துத் தண்ணீர் செக்கச்செவேலென்று ஓடியது. மூச்சு விட்டவர்களெல்லாம் இருமினார்கள்.

கூடம் பாதி காலியாவதற்குள் வியாபாரியின் ஆட்கள் வந்துவிட்டார்கள். மூட்டை தூக்குகிறவர்கள், கையில் கொக்கி வைத்திருந்தார்கள். சுகிர்தம் பிள்ளைகளைக் கூடத்துக்குள் தள்ளிக் கதவைச் சாத்தி, வெளியே முதுகைக் கொடுத்து நின்றாள்.

சிலுவையம்மாளின் தலை முதலில் உடைந்தது. ஒருத்தியை வயிற்றில் உதைத்தார்கள். அவள் மிளகாய்த் தண்ணீரில் குப்புற விழுந்து, எழுந்து, கண்ணைப் பிடித்துக்கொண்டு அலறினாள். பெண்கள் கடித்தார்கள், கல்லால் அடித்தார்கள், ஈர மிளகாயை அள்ளி முகங்களில் தேய்த்தார்கள். ஒருவன் அதையே திருப்பித் தேய்த்தது இருதயம்மாளின் இடது கண்ணில் ஏறியது. நெருப்புத் துண்டை வைத்து அமுக்கியது போலிருந்தது. மற்றக் கண்ணால் பார்த்தபோது, ஒருவன் கதவருகே போயிருந்தான். டீச்சரை அப்புறப்படுத்த அவன் கொக்கியை வீசி இழுத்தான். அது அவள் முன்கையில் இறங்கி, மணிக்கட்டுவரை கிழித்துக்கொண்டு வந்தது. சுகிர்தம் கதவை விட்டு நகரவில்லை. அவன் மறுபடியும் கையை ஓங்கினான்.

இருதயம்மாள் இடுப்பிலிருந்த மீன் கத்தியை உருவினாள். பின்னாலிருந்து பாய்ந்து அவனைக் கதவோரம் சாய்த்து, கொக்கி பிடித்த கையைப் படிக்கல்லில் வைத்து அறுத்தாள். சுறாத் துடுப்பு அறுப்பது போலத்தான் இருந்தது. மூன்று விரல்கள் மழைத் தண்ணீரில் போயின. அந்த அலறலில் மற்றவர்கள் பின்வாங்கினார்கள்.

கோர்ட்டில் அவள் எதையும் மறுக்கவில்லை. விரல் போனவன் பெயர் மஜீது என்பது அங்கேதான் தெரிந்தது. சாட்சிக் கூண்டில் அவன் கட்டுப்போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு நின்றான். முதலாளி ஆளனுப்பியதால் போனதாகச் சொன்னான். பிறகு, யாரும் கேட்காமலே ஒன்று சொன்னான்.

"கதவுக்குப் பின்னால எம் பொண்ணும் இருந்திருக்கா. ஜன்னத்து. எனுக்குத் தெரியாது. அவ ஸ்கூலு மாடிலதான் நடக்குதுன்னு நெனச்சிகினு இருந்தேன்."

இருதயம்மாள் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தண்டனை எத்தனை மாதம் என்று வாசித்தது அவள் காதில் விழவில்லை.

சிறையிலிருந்து வந்தபோது இடது கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. ஐரீன் சிலுவையம்மாளின் வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தது. நடந்ததையெல்லாம் சிலுவையம்மாள் சொன்னாள். ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்து ரத்தக்கறையோடு இருந்த கூடத்தைப் பார்த்திருக்கிறார். வியாபாரி மீதி மூட்டைகளை அள்ளிக்கொண்டு போய்விட்டான். ஐந்தாம் வகுப்பு இப்போது கூடத்தில்தான். ஐரீன் பெயரும் ஏறிவிட்டது. சுகிர்தம் டீச்சரைத்தான் வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். வலது கை விரல் மடங்காமல் மீஞ்சூர்ப் பக்கம் எங்கோ போய்விட்டாள். ஜன்னத் வருவதில்லை. அப்பன் மூட்டை தூக்க முடியாததால், வீட்டில் பீடி சுற்றுகிறாள்.

அன்று முழுக்க இருதயம்மாள் ஒன்றும் சாப்பிடவில்லை. மறுநாள் விடிந்ததும் வண்ணாரப்பேட்டைக்குப் போனாள்.

மஜீதின் மனைவி காத்தூன் பீவி கதவைத் திறந்தாள். யார் என்று சொன்னதும் அவள் உள்ளே போய் உலக்கையை எடுத்துவந்தாள். முதல் அடி தோளில் விழுந்தது. இருதயம்மாள் விழுந்து, எழுந்து உட்கார்ந்தாள். இரண்டாவது அடி முதுகில். கை தானாக மேலே எழுந்தது. அதை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். காத்தூன் பீவி அழுதுகொண்டே அடித்தாள். தெருவில் கூட்டம் கூடியது. உதட்டிலிருந்து ரத்தம் மாராப்பில் சொட்டியது. கடைசியில் மஜீது வந்து மிச்சமிருந்த இரண்டு விரலால் உலக்கையைப் பற்றினான்.

"இன்னாத்துக்கு வந்த?" என்றான்.

"பொண்ண ஸ்கூலுக்கு அனுப்பு," என்றாள் இருதயம்மாள். பேசும்போது வாயில் ரத்தம் குமிழிட்டது. "அவ வேலைக்குப் பதிலு நான் வயி சொல்றேன். உன் பொஞ்சாதி எங்கூட கரைக்கு வரட்டும். என் பங்கு மீனுல பாதி அவளுக்கு. இந்தத் தெருவுல அவளே வித்துக்கட்டும்."

காத்தூன் பீவி அவள் முகத்தில் துப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். கதவு மூடுவதற்குள், உள்ளேயிருந்து தன் வாயசைவையே பார்த்துக்கொண்டிருந்த ஜன்னத்தின் முகத்தை இருதயம்மாள் ஒரு கணம் கண்டாள்.

அடுத்த வாரம் கட்டுமரங்கள் கரை ஏறும் நேரத்தில் காத்தூன் பீவி மணலில் நின்றாள். முக்காட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். இருதயம்மாளைப் பார்க்கவில்லை. கூடையை மட்டும் நீட்டினாள். நிரப்பித் தந்ததை வாங்கிக்கொண்டு போனாள். அன்றே ஜன்னத் பள்ளிக்கு வந்துவிட்டாள் என்று ஐரீன் சொன்னது. புது வாத்தியார் அருள்பிரகாசம் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்துகிறவராம். திரும்பி நின்று சொல்லுங்கள் சார், ஜன்னத்துக்கு உங்கள் வாய் தெரிய வேண்டும் என்று ஐரீன் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டிருக்கிறது. அவர் முறைத்திருக்கிறார். அது மறுபடியும் கேட்டிருக்கிறது. புளியந்தோப்புப் பையனும் கேட்டிருக்கிறான்; கண் தெரியாத பையனும் கேட்டிருக்கிறான். வாத்தியார் கடைசியில் திரும்பிக்கொண்டார்.

காத்தூன் பீவி பல வருஷம் அந்தக் கரைக்கு வந்தாள். ஏலத்தில் யாராவது அவளை ஏமாற்றப் பார்த்தால் இருதயம்மாள் எழுந்து போய் நிற்பாள், அது போதும். ஆனாலும் இருவரும் உட்கார்ந்து பேசியது கிடையாது. மழைநாளில் ஒரே ஓலைக்குக் கீழே ஒதுங்க நேர்ந்தால், ஒருத்தி இந்தக் கம்பத்திலும் மற்றவள் அந்தக் கம்பத்திலும் சாய்ந்து, கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.